‘டீ ஆச்சா’ என்று கேட்ட கம்ப்யூட்டர்

உங்கள் பிரிவுக்குப் புது லேப்டாப்கள் வந்துவிட்டதாக நிவேதா படம் அனுப்பியிருந்தாள். ஆளுக்கொன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் புது அப்பன்கள் மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறீர்கள். நன்றாக இருங்கள். “மேடம், பழசுல காலைல ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வரலாம். இது கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள ரெடி” என்று குரல் செய்தி வேறு. பின்னால் யாரோ விசில் அடிக்கிற சத்தம் கேட்டது. அது கார்த்திக்காகத்தான் இருக்க வேண்டும்.

செய்தியின் கடைசியில் ஒரு சின்னப் புகாரும் இருந்தது. தினசரி வேலைத் திட்டத்தை அச்சிடப் போகும்போது, இவ்வளவு வேகமான மிஷின் திடீரென்று நின்று, ‘டீ ஆச்சா’ என்று ஆங்கில எழுத்தில் கேட்கிறதாம். ஆமாம் என்று தட்டினால்தான் மேலே போகிறதாம். யாரோ விளையாட்டுக்கு எழுதி வைத்தது என்று நினைத்து எடுக்கப் போனீர்களாம். பழைய ஆள் ஒருவர், “வசந்தா மேடத்தைக் கேக்காம கை வைக்காதீங்க” என்று தடுத்தாராம். “எடுத்துடலாமா மேடம்? தினம் ஒரு தட்டு வேஸ்ட்டு” என்கிறாள் நிவேதா.

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ரிட்டையரான பொம்பளையிடம் கேள்வி கேட்டால் ஒரு வரியிலா பதில் வரும்? உட்காருங்கள்.

எண்பதுகளின் கடைசி. காரைக்காலில் எங்கள் நில ஆய்வுக் குழு ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து ஆபீஸ் போட்டிருந்தது. தலத்தெருவில் எங்கள் வீடு. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த தைரியத்தில் வேலைக்குப் போனேன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். நம் தொழிலில் அதன் பிறகு எத்தனையோ மாறிவிட்டது, ஆனால் அடிப்படை அதேதான். பூமியில் குழி போட்டு, ஆழத்தில் வெடி வைத்து, ஒரு தட்டு தட்டி, உள்ளேயிருந்து வரும் பதிலைக் கேட்டு எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. குழி சரியாக அடைபடாவிட்டால் சில சமயம் வாய் பிய்த்துக்கொண்டு சேறும் கல்லும் பனை உயரத்துக்கு எழும்பும். பக்கத்தில் ஆள் இருந்தால் அவ்வளவுதான். அதனால் எந்த ஊரை ஒட்டி வெடி வைக்கிறோமோ, அந்த ஊருக்கு அன்று காலையிலேயே மைக் போட்டுச் சொல்லிவிட வேண்டும். எந்தக் குழியில் எவ்வளவு ஆழம், பக்கத்தில் எந்த ஊர் என்று திட்டம் எடுத்துக் கொடுப்பது என் மிஷின். ஊர் பெயர் தப்பினால் உயிர் தப்பாது.

எங்களுடைய பழைய மிஷினும் கையில் தூக்கிப் போகிற ரகம்தான். தூக்கி என்றால் உங்களைப் போல இரண்டு விரலில் இல்லை. தையல் மிஷினைப் பெட்டியோடு தூக்குகிற மாதிரி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, அதில் பச்சையாக எழுத்து நடுங்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘பேரளம் வண்டி’. பேரளத்துக்கும் காரைக்காலுக்கும் ஓடி, அப்போதுதான் நின்றுபோயிருந்த ரயில் அது. ஓடிய காலத்தில் நடந்து போகிறவனைத் தாண்டுவதற்கே யோசிக்கும் என்று ஊரே கேலி பேசும். நின்ற பிறகு ஊரே அதற்காக ஏங்கியது. நம் மனசு அப்படித்தான்.

பேரளம் வண்டியில் திட்டத்தை ஓடவிட்டால், அது முக்கி முனகி முடிப்பதற்குள் ஒரு டீ தாராளமாகக் குடிக்கலாம். குடித்தோம். பின்கட்டில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச். பாய் கடையிலிருந்து தூக்கில் டீ வரும். குழுத் தலைவர் உட்காருவார், அவரைச் சீஃப் என்போம். கும்பகோணத்துக்காரர், டீயை டவராவில் ஆற்றாமல் குடிக்க மாட்டார். என்ஜினீயர்கள், டிரைவர்கள், நான், எல்லோரும் அதே பெஞ்ச். பிரிண்டர் கறகறவென்று தாளைத் துப்பியதும் நான் எடுத்துக்கொண்டு வந்து செல்வராசு கையில் கொடுப்பேன்.

செல்வராசுவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. எங்கள் மைக் வண்டிக்கு டிரைவரும் அவர்தான், அறிவிப்பாளரும் அவர்தான். தேர்தலில் எல்லாக் கட்சிக்கும் மைக் பிடித்த தொண்டை. சாதாரணமாக “ஒரு டீ” என்று கேட்டாலே தெருமுனை வரை கேட்கும். தாளைக் கையில் வாங்கியதும் சும்மா இருக்க மாட்டார். வண்டியில் என்ன சொல்லப் போகிறாரோ அதைப் பெஞ்ச் மேலேயே ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். ஊருக்கொரு அழைப்பு வைத்திருப்பார். வயல் ஊர் என்றால், “ஏர் பிடிச்சு ஊருக்கெல்லாம் சோறு போடும் பெருங்குடி மக்களே!” கடலோரக் குப்பம் என்றால், “அலைக்கு அஞ்சாத சிங்கங்களே, சிங்கங்களைப் பெற்ற தாய்மார்களே!” அதற்குப் பிறகு எல்லா ஊருக்கும் பொதுவாக, “ஆடு, மாடு, கோழிக்குஞ்சு, கைப்பிள்ளை சகிதமாக, சிவப்புக் கொடி இறங்கும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்!”

நாங்கள் சிரிப்போம். “செல்வராசண்ணே, அந்த ஊர்ல ஏரு எங்க இருக்கு, எல்லாம் நிலக்கடலைக் கொல்லைதான” என்று யாராவது ஒருவர் திருத்துவார். “இந்த ஊர்ல இன்னைக்குச் சந்தை, பத்து மணிக்குள்ள சொல்லிடுங்க” என்பார் இன்னொருவர். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்புவார். அதை நாங்கள் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தோம். அப்படியே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் புது மிஷின் வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் சுகுமார். திருச்சிக்காரர், படிப்பு முடித்த சூடு ஆறாமல் எங்கள் குழுவுக்கு வந்த என்ஜினீயர். தலைமை ஆபீசிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். பழசைவிட மெலிசு, திரை பெரிசு, எழுத்து ஆரஞ்சு நிறத்தில் தணல் மாதிரி ஜொலித்தது. உள்ளே இருக்கும் மூளை பழசைவிடப் பல மடங்கு வேகம் என்றார். பெஞ்சில் இருந்த கூட்டம் மொத்தமும் என் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டது.

செல்வராசு கையோடு சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் வாங்கி வந்திருந்தார். பொட்டு வைத்தாகிவிட்டது, கற்பூரம் காட்டியாகிவிட்டது. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு மிஷினைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

“என்னண்ணே தேடுறீங்க?” என்றேன்.

“சக்கரமே இல்லையே தங்கச்சி. இத எதுக்கு அடில வைக்கிறது?”

சுகுமார் பதறிப்போய், “அண்ணே, சாறு உள்ள போச்சுன்னா அவ்வளவுதான், மிஷின் காலி” என்று தடுத்தார். கடைசியில் பிரிண்டர் உருளைக்கு அடியில் வைக்கலாமா என்று ஆலோசனை நடந்து, சீஃப் அதட்டி, அந்தப் பழம் பாய் கடையில் சர்பத்தாகப் போய்ச் சேர்ந்தது.

சுகுமார் திட்டத்தை ஓடவிட்டார். நான் டீக்குச் சொல்ல எழுந்தேன். திரும்பிப் பார்த்தால் பிரிண்டர் தாளைத் துப்பிக்கொண்டிருக்கிறது. “அதுக்குள்ளயா?” என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டோம். சுகுமார் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். சீஃப் தாளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “ஏம்ப்பா, இவ்வளவு அவசரமாப் போட்ட கணக்கு சரியாத்தான் இருக்குமா?” என்றார். சரியாகத்தான் இருந்தது. பழசில் போட்டதை வைத்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்தோம், ஒரு பிசகு இல்லை.

எல்லோருக்கும் சந்தோஷம். செல்வராசுவுக்குத்தான் அதிகம். சீக்கிரம் தாள் கிடைத்தால் சீக்கிரம் ஊர் சுற்றி முடித்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம். நான் மட்டும் பழசை உறை போட்டு மூடும்போது கொஞ்சம் கலங்கினேன். அது எங்கே மக்கர் பண்ணும், எந்த இடத்தில் தட்டினால் கிளம்பும் என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். புதுசுக்கு என் தயவே வேண்டியிருக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன?

ஒரே வாரத்தில் பெஞ்ச் காலியாகிவிட்டது. அடுப்பில் பால் பொங்குவதற்குள் தாள் தயார். செல்வராசு வாசலில் வண்டியை நிறுத்தாமலே கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார். என்ஜினீயர்கள் வயலுக்குப் பறந்தார்கள். தூக்கில் வரும் டீ ஆறி, ஆடை படிந்து, யார் குடிப்பது என்று தெரியாமல் கிடந்தது. “என்ன தங்கச்சி, உங்க ஆபீஸ்ல யாருக்கும் நம்ம டீ புடிக்கலையா?” என்று பாய் என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்டார். என்னவென்று சொல்வது?

அந்த வாரமெல்லாம் வெடி வரிசை வயல் ஊர்களில் போனது. அடுத்த வாரம் கடலைத் தொட்டது.

அன்று காலை சீஃப் ஜீப்பை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் போய்விட்டார். வழக்கம்போலத் தாள் வந்தது, வழக்கம்போலச் செல்வராசு வாங்கிக்கொண்டு பறந்தார். எனக்கு அன்று என்னவோ வீம்பு. யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, நான் டீ குடிப்பேன் என்று தாளின் நகலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். ஆறிப்போன டீ. சும்மா இருக்கப் பிடிக்காமல் தாளைப் பிரித்து, செல்வராசு குரலில் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் ஊர் திருவேட்டக்குடி. “அலைக்கு அஞ்சாத சிங்கங்களே!” அடுத்த ஊர் கோட்டுச்சேரி. “ஏர் பிடிச்சு ஊருக்கெல்லாம் சோறு போடும்...”

வாய் நின்றுவிட்டது. கடலோரமாகப் போகிற வரிசையில் ஏர் எங்கிருந்து வந்தது?

நம் பக்கத்துக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டுச்சேரி என்பது கடைத்தெருவும் வயலும் உள்ள ஊர். கோட்டுச்சேரிமேடு என்பது கடலோரத்தில் உள்ள மீனவக் குப்பம். நாங்கள் பேச்சில் ‘மேடு’ என்றே சொல்வோம். இரண்டும் ஒரே கொம்யூனுக்குள், அதாவது ஒரே பஞ்சாயத்துக்குள் வருகிறவை. வெள்ளைக்காரப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன அந்தச் சொல்லை இன்னும் நாங்கள் விடவில்லை. அதனால் தாளில் கோட்டுச்சேரி என்று இருந்தால், காரைக்கால்காரன் எவனுக்கும் உறுத்தாது. கொம்யூன் பெயரே அதுதானே.

மறுபடி தாளைப் பார்த்தேன். திருவேட்டக்குடி முழுசாக இல்லை. ஆங்கிலத்தில் ‘திருவேட்டக்’ என்று வால் நறுக்கின மாதிரி நின்றது. அப்போதுதான் உறைத்தது. புது மிஷினோடு தலைமை ஆபீசிலிருந்து வந்த புரோகிராமில் ஊர் பெயருக்கு ஒதுக்கிய இடம் குறுகல். நீளமான பெயர் வந்தால் மீதியை வெட்டிவிடுகிறது. போன வாரத்து வயல் ஊர்களெல்லாம் சின்னப் பெயர், அதனால்தான் ஒத்துப் பார்த்தபோதும் தெரியவில்லை. திருவேட்டக்குடியை வெட்டினால் பார்க்கிறவனுக்குத் தெரியும். கோட்டுச்சேரிமேட்டை வெட்டினால், கத்தி சரியாக ‘மேடு’க்கு முன்னால் விழுந்து, இன்னொரு முழு ஊர் எழுந்து நிற்கிறது!

ஓடிப்போய்ச் சுகுமாரிடம் சொன்னேன். “இருக்காதுங்க, மிஷின் எப்படித் தப்பா...” என்று ஆரம்பித்தவர், திரையில் ஏதோ தட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“இன்னைக்கு வெடி எங்க?” என்றார்.

“மேட்டுக்குப் பின்னாடி சவுக்குத் தோப்புல, இன்னும் கொஞ்ச நேரத்துல. அங்க பொம்பளைங்க தினம் சருகு அள்ள வருவாங்க சார்.”

எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், அஞ்சம்மாவால்தான். மேட்டிலிருந்து கூடை சுமந்து தலத்தெருவில் மீன் விற்க வருகிறவள். பிள்ளை பெற்று மூன்று மாதமாக அவள் விற்க வரவில்லை. அவளுக்குப் பதில் கூடை சுமந்து வந்தவள், ‘அக்கா தோப்புல சருகு அள்ளித்தான் அடுப்பு எரிக்குது’ என்று சொல்லியிருந்தாள்.

வயர்லெஸ் இருக்கிறதே, சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வெடி கட்டும் இடத்தில் வயர்லெஸ்ஸை அணைத்துவிட வேண்டும் என்பது சட்டம். அந்த அலையே வெடியைத் தூண்டிவிடலாம். நேரில் போவதைத் தவிர வழியில்லை. இருந்தது சுகுமாரின் ஸ்கூட்டர் ஒன்றுதான். ஏறினேன். அந்தக் காலத்துக் காரைக்காலில் கல்யாணமாகாத பெண், வேற்றூர் ஆம்பிளைக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியாது. ஒரு மாதம் பேசினார்கள். பேசட்டும்.

கோட்டுச்சேரி கடைத்தெருவை நெருங்கும்போதே செல்வராசு குரல் கேட்டது. “ஏர் பிடிச்சு ஊருக்கெல்லாம்...” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சுகுமார் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார். “மொதல்ல அவரப் புடிச்சு மேட்டுக்கு அனுப்பிடுவோம்.”

“வேணாம் சார், கடலுக்குப் போங்க” என்றேன். “அவரு போயி, ஊர் முழுக்கச் சொல்லி, தோப்புக்குள்ள இருக்குறவங்க காதுல விழுந்து, அவங்க வெளில வர்றதுக்குள்ள அங்க வெடிப் பெட்டிய அழுத்திடுவாங்க. ஊர நகத்துறதவிட வெடிய நிறுத்துறது சுலபம். அது ஒருத்தர் கைலதான இருக்கு.”

அவர் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.  வண்டி கடலுக்குத் திரும்பியது. என் பணிக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் இன்றைக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று சொன்னால், அந்த முச்சந்தியில் எடுத்ததைத்தான் வைத்துக்கொள்வேன்.

தோப்புக்கு வெளியே மணலில் வெடி வைப்பவர் தயாராக இருந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், நாங்கள் சுபேதார் என்போம். முன்னால் பெட்டி, அதிலிருந்து தோப்புக்குள் ஒயர். பாதையில் சிவப்புக் கொடி நட்டு ஓர் ஆள் நின்றார். ஆனால் மேட்டுப் பெண்கள் பாதையில் வர மாட்டார்கள், கடற்கரைப் பக்கமாக நுழைவார்கள். உள்ளே சவுக்கு அடர்த்தி, பத்தடிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது.

“நிறுத்துங்க! மேட்டுக்கு மைக்கு சொல்லல!” என்று கத்திக்கொண்டே இறங்கினேன்.

சுபேதார் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். “கோட்டுச்சேரின்னு போட்டிருக்கேம்மா. மைக்கு போயாச்சுன்னு காலைலயே தகவல் வந்துடுச்சு.”

“அது வேற ஊரு. மிஷின் பேர வெட்டிடுச்சு.”

“மிஷின் வெட்டுச்சா?” அவர் சுகுமாரைப் பார்த்தார். “கம்ப்யூட்டர் சார், நீங்க கொண்டாந்த மிஷின்தான? தப்பே பண்ணாதுன்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க? கட்டுன வெடிய வச்சிக்கிட்டு நான் காத்திருக்கக் கூடாது சார். சீஃப் வந்து சொன்னா நிறுத்துறேன்.”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்த சட்டப்படி நின்றார். சீஃப் நாகப்பட்டினத்தில். நான் டைப்பிஸ்ட் பெண். சுகுமார் நேற்று வந்த பையன். எங்கள் இருவர் பேச்சுக்கும் அங்கே மதிப்பில்லை.

 சுகுமார் செருப்பைக் கழற்றி மணலில் விட்டார். கொடி ஆளைத் தாண்டி, ஒயரை ஒட்டியே நேராகத் தோப்புக்குள் நடந்து போனார்.

“சார்! யோவ்! சார்!” என்று சுபேதார் கத்தினார். கொடிக்குள் ஆள் இருக்கும்போது வெடிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைச் சீஃப் வந்தாலும் மாற்ற முடியாது. சுகுமார் அதைத் தெரிந்துதான் போனார். சுபேதார் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிச் சாவியை உருவிக் கால்சட்டைப் பையில் போட்டார்.

“அவரு வெளில வர்ற வரைக்கும் அந்தச் சாவி அங்கயே இருக்கணும்” என்றேன்.

“நீ வேற ஏம்மா...” என்று அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உள்ளே ஒருவரும் இல்லாவிட்டால்? சுகுமாருக்கு வேலை போய்விடும். அதற்குக் காரணம் நான். தோப்பு காலியாக இருக்க வேண்டும் என்று வேண்டுவதா, வேண்டாம் என்று வேண்டுவதா என்றே புரியவில்லை. திருநள்ளாற்றுச் சாமியைக் கூப்பிட்டேன், அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு தோப்புக்குள்ளிருந்து சருகுக் கட்டு ஒன்று தானாக நடந்து வந்தது. அதற்கு அடியில் சுகுமார். சேலையைத் தூக்கிச் செருகிய பெண்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் வருகிறார்கள். அள்ளியதை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று அவர்கள் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார்கள். ‘தூக்கிட்டு வர்றேன், வாங்க’ என்று இவர் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

“பாருங்கடி, சட்டை கசங்காத மாப்பிள்ள சருகு சுமக்குது!” என்று ஒருத்தி கேலி செய்தாள். கடைசியாக அஞ்சம்மா வந்தாள். இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவில் தூளி கட்டிப் போட்டிருந்தாளாம். அதை அப்படியே அவிழ்த்து, பிள்ளையோடு தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

சுபேதார் தூளியைப் பார்த்தார். எழுந்து நின்றார். கை பையில் கிடந்த சாவியைத் தடவிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, மைக்கு கேக்கலையா?” என்றார். 

“எங்கய்யா மைக்கு வந்துச்சு?” என்றாள் அஞ்சம்மா. “ஒரு வாரமா ஊரூராக் கத்திக்கிட்டுத் திரியிறீங்க. எங்க ஊரு மட்டும் என்ன, கடலுக்குள்ளயா கெடக்கு?”

 நான் போய்ப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தேன். “பேரு என்ன அஞ்சம்மா?” என்றேன். 

“இன்னும் வைக்கல பாப்பா. அவங்கப்பா கொச்சிக்குத் தொழிலுக்குப் போயிருக்கு. வந்துதான் வைக்கணும்.”

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சுகுமாரும் அழுதார். தலையில் சருகோடு ஒருவர் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தப் பெண்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

செல்வராசுவிடம் நடந்ததைச் சொன்னோம். வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மேட்டுக்குப் போனார். அன்று அங்கே வெடி கிடையாது, எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் தெருத் தெருவாகப் போய், “கோட்டுச்சேரிமேடு வாழ் சிங்கங்களே!” என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டிருக்கிறார். “என்னய்யா விசேஷம்?” என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, சும்மா கூப்புட்டுப் பாத்தேன்” என்றாராம்.

சீஃப் வந்தார். எல்லாம் கேட்டார். யாரையும் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பின்கட்டுக்குப் போய் அந்தக் காலிப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இத்தன நாளா நம்மளக் காப்பாத்துனது இந்தப் பெஞ்சுதான் போலருக்கு” என்றார். “நாளைலேருந்து எல்லாரும் உக்காந்து, டீ குடிச்சு, செல்வராசு சத்தமாப் படிச்சதுக்கு அப்புறந்தான் தாள் வாசலைத் தாண்டணும்.”

சுகுமார் ஊர் பெயர்க் கட்டத்தை அன்றே அகலப்படுத்திவிட்டார். அதோடு விடவில்லை. மறுநாள் காலை நான் திட்டத்தை ஓடவிட்டபோது, அந்த ராக்கெட் வேக மிஷின் அச்சடிக்கும் முன்னால் நின்றது. ஆரஞ்சு எழுத்தில் ‘டீ ஆச்சா’ என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுகுமார் கையில் எனக்கும் ஒரு டம்ளர் இருந்தது.

அஞ்சம்மா வீட்டுக்காரர் கொச்சியிலிருந்து வந்தார். பேர் வைக்கிற அன்று எங்களையும் கூப்பிட்டார்கள். வண்டியை எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று செல்வராசுவுக்கு அஞ்சம்மாவின் தனிக் கட்டளை. அப்பன் பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்ன பெயரைச் செல்வராசு மைக்கில் சொன்னார். கயல்விழி. மேட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய அறிவிப்பு ஒன்று அப்படியாகப் போய்ச் சேர்ந்தது.

பிறகு குழு கலைந்து ஆளுக்கொரு திக்கில் போனோம். எத்தனையோ மிஷின்கள் வந்தன, ஒவ்வொன்றும் முந்தியதைவிட வேகம். ஒவ்வொரு முறை புரோகிராமைப் புதிதாக எழுதும்போதும் யாரோ ஒருவர் அந்தக் கேள்வியை மறக்காமல் எழுதி வைத்தார்கள். காரணம் தெரிந்து எழுதினார்களா, பழக்கத்தில் எழுதினார்களா, எனக்குத் தெரியாது.

நிவேதாவின் கேள்விக்கு வருகிறேன். எடுக்கலாமா கூடாதா என்று எழுதினவரைத்தானே கேட்க வேண்டும்? திருச்சிக்குப் போன் போட்டேன். சுகுமார் இப்போது பேரன் பேத்தி எடுத்து, முட்டி வலியோடு உட்கார்ந்திருக்கிறார். புது லேப்டாப்பின் வேகத்தைச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார், அந்த ஆசை இன்னும் போகவில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

 “இன்னுமா அது இருக்கு?” என்றார். 

“இருக்கு சார். எடுத்துடலாமான்னு கேக்குறாங்க.”

“தாராளமா எடுக்கட்டும். ஆனா வசந்தா, அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு கேளு. அவங்கல்லாம் ஒண்ணா உக்காந்து டீ குடிக்கிறாங்களா?”

கேட்டுவிட்டேன். பதில் எழுதுங்கள்.